காலிக் கோட்டை யாருக்கு?

(பாம்பனில் நடந்த சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பில் 'இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம்' பாடத்தை நடத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பனிப்போரைப் பற்றிப் பேசுவதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரியும். சன்னல் வழியாகக் கடற்காற்று வேறு நன்றாக வருகிறது. அதனால் நேராக ஒரு மாணவனின் கேள்வியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடத்தை நான் வழக்கம்போல நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அமெரிக்கா, வலப்பக்கம் சோவியத் ஒன்றியம். முதலாளித்துவம், பொதுவுடைமை. நேட்டோ, வார்சா. நாம் எல்லோரும் போடுகிற அதே அட்டவணைதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், போன பாடத்துல ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துதானே ஹிட்லரை அடிச்சாங்க? ஜெயிச்சதுக்கு அப்புறம் எதுக்கு சார் மொறச்சிக்கிட்டாங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதான் போர்டுல இருக்கே, கொள்கை வேறுபாடு. அஞ்சு மார்க் கேள்வி, குறிச்சு வச்சுக்க" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். உட்காரும்போது பக்கத்துப் பையனிடம் முணுமுணுத்தது மட்டும் என் காதில் விழுந்தது. "கொள்கை முன்னாடியும் வேறதானடா இருந்துச்சு."

அந்த ஒரு வரி என் அட்டவணையைக் கவிழ்த்துவிட்டது. அவன் சொன்னது முழுக்கச் சரி. ரஷ்யாவில் புரட்சி நடந்தது 1917-இல். அன்றிலிருந்தே கொள்கை வேறுதான். பொதுவுடைமையைச் சர்ச்சிலைவிடக் கடுமையாக வெறுத்த அரசியல்வாதி அன்று பிரிட்டனில் அதிகம் பேர் கிடையாது. ஆனாலும் 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் எல்லைக்குள் நுழைந்தபோது, அன்றிரவே வானொலியில் பேசி ரஷ்யாவுக்கு உதவுவோம் என்று அறிவித்தவர் அவர்தான். அதே ஸ்டாலின் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1939 ஆகஸ்டில், ஹிட்லரோடு உடன்படிக்கை செய்துகொண்டவர். ஆக, கொள்கை வேறாக இருப்பது சேர்வதற்குத் தடையாக இல்லை. அப்படியிருக்க, பிரிவதற்கு மட்டும் அதையே முழுக் காரணமாகச் சொன்னால் மாணவன் எப்படி ஏற்பான்?

மறுநாள் இடைவேளையில் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் சொன்னது உலக வரலாறு இல்லை, வீட்டு வரலாறு. அவனுடைய அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு விசைப்படகு வாங்கியிருக்கிறார்கள். வியாபாரியிடம் பெரிய முன்பணம். உங்களுக்குத் தெரியும், முன்பணம் வாங்கினால் பிடித்து வருகிற மீனை, இறாலை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான். கடன் இருந்தவரை அண்ணன் தம்பிக்குள் ஒரு சண்டை கிடையாதாம். கடன் அடைந்த வருடம்தான் படகு யார் பெயரில் இருக்கிறது என்ற பேச்சு வந்தது. "அதுவரைக்கும் யாருமே கேக்கல சார்" என்றான்.

எனக்குப் பாடம் நடத்த வழி கிடைத்தது அங்கேதான். எதிரி இருக்கிறவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எதிரி போன மறுநாள் முதலில் வருவது அந்தக் கேள்வி. இதை யால்டாவில் தொடங்கிச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு எட்டாது. போலந்து எங்கே என்று வரைபடத்தில் தேடுவதிலேயே பாடவேளை போய்விடும். அதனால் கடலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொண்டேன். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1964 புயலுக்கு முன்னால் இந்தப் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிக்கு ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறி, அந்தக் கரையில் இறங்கி மறுபடி ரயில் பிடித்தவர்கள் இந்த ஊர்க் குடும்பங்களில் உண்டு. பிள்ளைகளுக்கு அது வெளிநாடே இல்லை.

கதை இதுதான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். இலங்கையின் கடற்கரை பெரும்பாலும் போர்ச்சுக்கீசியர் கையில். கொழும்பு, காலி, நீர்கொழும்பு, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு எல்லா இடத்திலும் அவர்கள் கோட்டை. நம் முத்துக்குளித்துறைக் கரையிலும் அவர்கள் செல்வாக்குத்தான். உள்ளே மலைநாட்டில் கண்டி அரசு. அரசர் இரண்டாம் இராஜசிங்கன். 1638 மார்ச்சில் கன்னொறுவ என்ற இடத்தில் போர்ச்சுக்கீசியப் படையை அவர் அழித்தேவிட்டார். தரையில் அவரை வெல்ல முடியாது. ஆனால் கப்பலும் இல்லை, கோட்டைச் சுவரை உடைக்கும் பெரிய பீரங்கியும் இல்லை. அவை இரண்டும் டச்சுக்காரர்களிடம் இருந்தன. டச்சுக்காரர்களுக்கு வேண்டியது இலங்கையின் பட்டை. பிரியாணிக்குப் போடுகிறோமே, அதே இலவங்கப்பட்டைதான். அன்றைய ஐரோப்பாவில் அதன் மதிப்பு மிகப் பெரிது.

இருவருக்கும் ஒரே எதிரி. 1638 மே மாதம் டச்சுத் தளபதி வெஸ்டர்வோல்ட் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார். சில நாளில் அங்கேயே உடன்படிக்கை கையெழுத்தானது. போர்ச்சுக்கீசியரைச் சேர்ந்து விரட்டுவது. போர்ச் செலவை அரசர் பட்டையாகவும் மற்றப் பொருள்களாகவும் கொடுத்துத் தீர்ப்பது. வணிகம் டச்சுக்காரர்களோடு மட்டும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீன் என்பதைப் போலத்தான். இந்த இடத்தில் வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள், விளக்க வேண்டியதே இல்லை.

உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. பிடிக்கப்படும் கோட்டைகளில் டச்சுப் படை நிறுத்தப்படும் என்று டச்சுக்காரர்களின் பிரதியில் இருந்தது. அரசர் கையில் இருந்த பிரதியிலோ, அரசர் விரும்பினால் நிறுத்தப்படும் என்று இருந்தது. ஒரு சிறு நிபந்தனைதான் வித்தியாசம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரசருக்குப் போர்ச்சுக்கீசிய மொழி நன்றாகத் தெரியும். டச்சுக்காரர்களோடு அவர் கடிதப் போக்குவரத்து நடத்தியதும் அதில்தான். எதிரியின் மொழியில் எழுதிக்கொண்டு எதிரியை விரட்டியிருக்கிறார்கள்.

1639-இல் திருகோணமலை விழுந்தது. 1640 பிப்ரவரியில் நீர்கொழும்பு, மார்ச்சில் காலி. காலி என்று நான் சொன்னவுடன் ஒரு வாண்டு கேட்டது, "காலிக் கோட்டையா? அப்ப உள்ள யாருமே இல்லையா சார்?" ஐந்து நிமிடம் சிரிப்பு. பரவாயில்லை, அந்தப் பெயரை அதற்குப் பிறகு எவனும் மறக்கவில்லை.

இப்போது பிள்ளைகளிடம் நீங்கள் ஒன்றைக் கேட்க வேண்டும். இந்தக் கோட்டைகளில் எவற்றை டச்சுக்காரர்கள் அரசரிடம் கொடுத்தார்கள், எவற்றைக் கொடுக்கவில்லை? மட்டக்களப்பும் திருகோணமலையும் சில ஆண்டுகளில் அரசர் கைக்கு வந்தன. காலியும் நீர்கொழும்பும் வரவில்லை. வரைபடத்தைப் பார்த்துக் காரணம் சொல்லச் சொல்லுங்கள். பட்டை விளைகிற நிலம் தென்மேற்கில். கிழக்குக் கோட்டையைக் கொடுப்பதில் நட்டமில்லை. கேட்டபோது சொன்ன பதில்: நீங்கள் தர வேண்டிய போர்ச்செலவு பாக்கி இருக்கிறது, அதுவரை இது ஈடு. அரசர் எவ்வளவு பட்டை கொடுத்தாலும் கணக்கு எழுதுகிறவர் கம்பெனிக்காரர். நம் ஊரில் முன்பணக் கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த அடி 1640-களின் நடுவில். ஐரோப்பாவில் டச்சுக்காரர்களும் போர்ச்சுக்கீசியரும் போர்நிறுத்தம் செய்துகொண்டு, அதை இலங்கைக்கும் கொண்டுவந்து, பட்டை நிலத்தைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். யாருடைய நிலமோ, அவரைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் 1650-களில் போர் மீண்டும் தொடங்கியபோது இராஜசிங்கன் டச்சுக்காரர்களோடுதான் சேர்ந்தார். வேறு வழி? ஏறத்தாழ ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு 1656 மே 12 அன்று கொழும்பு சரணடைந்தது. டச்சுக்காரர்களிடம் சரணடைந்தது. வெளியே காத்திருந்த கண்டிப் படைக்குக் கோட்டை வாசல் திறக்கப்படவில்லை.

அரசர் என்ன செய்தார் தெரியுமா? கொழும்பைச் சுற்றியிருந்த ஊர்களை அழித்து, மக்களை மலைநாட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். கோட்டைக்கும் தன் நாட்டுக்கும் இடையில் ஆளில்லாத ஒரு பட்டி நிலம், காடாகட்டும் என்று விட்டார். ஸ்டாலின் கிழக்கு ஐரோப்பாவில் தேடியது என்ன என்று பின்னால் சொல்லும்போது இதை ஞாபகப்படுத்துங்கள். ஆனால் கவனம்: ஸ்டாலின் வைத்துக்கொண்டது ஆளில்லாத நிலத்தை இல்லை, ஆட்களோடு இருந்த நாடுகளை.

1658-இல் டச்சுக்காரர்கள் நம் பக்கம் வந்தார்கள். ஒரே ஆண்டில் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம். முத்துக்குளிப்பு அவர்கள் கைக்குப் போனது. பின்னர்க் கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரையில் அவர்களுடைய வணிகநிலையம் இருந்ததும், சேதுபதிகளோடு அவர்கள் பல உடன்படிக்கைகள் செய்ததும் நம் மாவட்ட வரலாற்றில் இருக்கிறது. அந்த உடன்படிக்கைகளைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.

அதன் பிறகு இலங்கையில் நடந்ததுதான் எனக்குப் பனிப்போர் என்ற சொல்லையே விளங்க வைத்தது. போர்ச்சுக்கீசியர் போய்விட்டார்கள். கரை டச்சுக்காரருக்கு, மலை அரசருக்கு. இவர் அவரை விழுங்க முடியாது, அவர் இவரைத் துரத்த முடியாது. டச்சுக்காரர்கள் அரசருக்கு மிகுந்த பணிவோடு கடிதம் எழுதுவார்கள்; உங்கள் கரையைக் காக்கும் ஊழியர்கள் நாங்கள் என்பார்கள்; பரிசுகள் அனுப்புவார்கள். அரசரோ பரிசோடு வந்த தூதர்களைத் திருப்பி அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொள்வார். இடையிடையே மோதல்கள் உண்டு, ஆனால் தீர்வு கிடையாது. 1672-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தபோது அரசர் அவர்களோடு பேச்சு நடத்தினார். புதிய எதிரிக்குப் புதிய நண்பன். 1687-இல் அவர் இறக்கும்வரை இது முடியவில்லை.

இந்தக் கதையை நான் ஒரு முழுப் பாடவேளைக்குமேல் இழுப்பதில்லை. அடுத்த பாடவேளையில் வகுப்பை இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு பாதிக்கு அரசர் பிரதி, ஒரு பாதிக்கு டச்சுப் பிரதி, இரண்டையும் எளிய தமிழில் ஒரு வரியாக எழுதித் தருகிறேன். இரண்டும் வேறு என்று சொல்வதில்லை. கேள்வி ஒன்றுதான்: காலிக் கோட்டை யாருக்கு? பத்து நிமிடத்தில் வகுப்பு கரையில் ஏலம் போடுகிற இடமாகிவிடும். முதல் தடவை சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியரே எட்டிப் பார்த்தார். "போர்ல இருக்கோம் சார்" என்றான் ஒருவன். யாராவது ஒருத்தி எதிர்ப்பக்கத் தாளைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "சார், இவங்க தாள்ல வேற போட்டிருக்கு" என்று கத்துகிறவரை பொறுத்திருக்க வேண்டும். நாமாகச் சொல்லிவிட்டால் அதில் ஒன்றுமில்லை.

அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் யால்டாவுக்குப் போக வேண்டும்.

1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை. ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின். போலந்தில் தடையற்ற சுதந்திரமான தேர்தல் நடக்கும் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். விடுவிக்கப்பட்ட நாடுகளில் சனநாயக அரசுகள் அமையும் என்றும் எழுதினார்கள். இங்கே இரண்டு பிரதி இல்லை, ஒரே வாசகம்தான். ஆனால் சனநாயகம் என்ற சொல்லை மேற்கத்தியர் ஒருவிதமாகப் படித்தார்கள், ஸ்டாலின் வேறுவிதமாகப் படித்தார். என் மாணவன் கேட்ட கொள்கை வேறுபாடு வேலை செய்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அது சண்டையை உண்டாக்கவில்லை. ஆளுக்கொரு அகராதியைக் கையில் கொடுத்தது.

அந்த வாசகம் எழுதப்படும்போதே செஞ்சேனை வார்சாவுக்குள் போயாகிவிட்டது. ஜனவரி 17 அன்றே. கோட்டைக்குள் யார் நிற்கிறார்களோ அவர்கள் வைத்ததுதான் விளக்கம். 1947 ஜனவரியில் போலந்தில் தேர்தல் என்ற பெயரில் நடந்தது மோசடி. இதில் எனக்குத் தயக்கமில்லை; மாணவர்களிடமும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அதோடு இன்னொரு எண்ணையும் எழுதிப் போடுகிறேன். அந்தப் போரில் சோவியத் மக்கள் இறந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். அமெரிக்கர் சுமார் 4 லட்சம் பேர். மேற்கே இரண்டாவது போர்முனை திறப்பது பற்றி 1942-லேயே பேச்சு. திறந்தது 1944 ஜூன் 6. இரண்டு ஆண்டுகள் ரத்தம் சிந்தியது நாங்கள் என்று ஒரு பக்கம். ஆயுதமும் லாரியும் உணவும் சுமார் 1,100 கோடி டாலருக்கு அனுப்பியது நாங்கள் என்று மறுபக்கம். போர்ச்செலவுக் கணக்கு மறுபடி வந்துவிட்டது பாருங்கள். ஜெர்மனி சரணடைந்த சில நாளில், 1945 மே 12 அன்று, அமெரிக்கா அந்த உதவியைத் திடீரென்று நிறுத்தியது. கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களே திருப்பப்பட்டன. பிறகு தவறு என்று ஓரளவு மீண்டும் தொடங்கினார்கள். ஆனால் மாஸ்கோவில் அது எப்படிப் படிக்கப்பட்டிருக்கும்? அந்தப் பாக்கியைப் பற்றிய ஓர் ஒப்பந்தம் ஏற்பட 1972 ஆயிற்று.

நண்பன் எதிரியோடு தனியாகப் பேசுகிறானோ என்ற பயமும் அங்கே இருந்தது. 1945 மார்ச்சில் இத்தாலியிலிருந்த ஜெர்மன் படையைச் சரணடைய வைக்க சுவிட்சர்லாந்தில் அமெரிக்கர் ரகசியமாகப் பேசியது தெரிந்ததும் ஸ்டாலின் ரூஸ்வெல்ட்டுக்குக் கடுமையாக எழுதினார். அதே ஏப்ரல் 25 அன்று எல்ப் ஆற்றங்கரையில் இரு நாட்டுச் சிப்பாய்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தப் புகைப்படம் கிடைத்தால் வகுப்பில் காட்டுங்கள். அவர்கள் சிரிப்பு பொய் இல்லை. சிப்பாய்க்கு எதிரி ஒழிந்தான், அவ்வளவுதான். கணக்கு மேலே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜூலை 16 அமெரிக்காவின் அணுகுண்டுச் சோதனை; ஜூலை 24 போட்ஸ்டாம் மாநாட்டில் ட்ரூமன் ஸ்டாலினிடம் புதிய ஆயுதம் ஒன்று இருக்கிறது என்று பட்டும் படாமல் சொன்னார்; ஒற்றர்கள் மூலம் ஸ்டாலினுக்கு ஏற்கெனவே தெரியும். 1946 மார்ச்சில் சர்ச்சிலின் இரும்புத்திரைப் பேச்சு, 1947 மார்ச்சில் ட்ரூமன் கோட்பாடு, 1948 ஜூனில் பெர்லின் முற்றுகை, 1949 ஏப்ரலில் நேட்டோ, ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டு. நாம் பாடத்தைத் தொடங்குவது பெரும்பாலும் இங்கிருந்துதான். அதனால்தான் ஏன் என்ற கேள்வி வெளியே நின்றுவிடுகிறது.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இராஜசிங்கனும் டச்சுக் கம்பெனியும் வல்லரசுகள் இல்லை. அவர்களிடம் ஊரையே ஒரு நொடியில் பொசுக்கும் ஆயுதம் இல்லை. ஒருவர் சொந்த மண்ணில் நின்ற அரசர், மற்றவர் வியாபாரத்துக்கு வந்த கம்பெனி. இரண்டையும் தராசில் வைத்து எடை போட்டால் தப்பாகப் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று எனக்கு விடைத்தாள் திருத்தும்போது வந்தது. இந்தச் செயல்பாட்டுக்குப் பிறகு வைத்த தேர்வில் ஒரு மாணவன் விடையை இப்படி முடித்திருந்தான்: 'ஆகவே யாரோடும் கூட்டுச் சேரக் கூடாது.' எனக்குத் திக்கென்றது. நம் பிள்ளைகளின் அப்பாக்கள் இரவு கடலில் இருக்கிறார்கள். அந்தக் கரையிலிருந்தும் ஆட்கள் அதே கடலில் இருக்கிறார்கள். படகு பிடிபட்டால் மாதக்கணக்கில் வீடு வராத அப்பாக்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு நான் வரலாற்றிலிருந்து இதையா எடுத்துக் கொடுத்தேன்?

அதனால் இப்போது ஆஸ்திரியாவையும் சேர்த்துக்கொண்டேன். பாடநூல் அழுத்திச் சொல்லாத ஒரு நாடு. 1945-இல் ஜெர்மனியைப் போலவே ஆஸ்திரியாவையும் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் பங்கு போட்டுப் படை நிறுத்தின. தலைநகர் வியன்னாவும் பெர்லினைப் போலவே பிரிந்து கிடந்தது. பத்து ஆண்டுகள் பேசினார்கள், நூற்றுக்கணக்கான அமர்வுகள். 1955 மே 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு படைகளும் வெளியேறிவிட்டன. ஆஸ்திரியா எந்தப் பக்கமும் சேராது என்று அறிவித்தது. அதே பகைவர்கள், பனிப்போரின் நடுவிலேயே, காலிக் கோட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனையும் சொல்லலாம். 1946-இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கிய பிரிட்டன் அதைக் கட்டி முடித்தது 2006-இல். அறுபது ஆண்டுக் கடன், ஆனால் பகை இல்லை. ஏன் ஓர் இடத்தில் முடிந்தது, இன்னோர் இடத்தில் முடியவில்லை என்று மாணவர்களையே பேசவிடுகிறேன். என்னிடம் ஒற்றை விடை இல்லை. அந்த நாட்டின் நிலம் யாருக்கு எவ்வளவு தேவை என்பதும், உட்கார்ந்து பேசுகிற பொறுமையும் இரண்டும் சேர்ந்து வேலை செய்தன என்பது என் எண்ணம். உங்களில் சிலர் வேறு மாதிரி நினைக்கலாம்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு என்ன எழுதச் சொல்வது என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கத் தயாராக இருப்பது தெரிகிறது. பாடநூலில் உள்ளதைத்தான் எழுதச் சொல்கிறேன். கொள்கை வேறுபாடு என்ற சொல் விடையில் இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பொது எதிரி நீங்கிய பின், கைப்பற்றிய நிலம் யாருக்கு என்பதில் உடன்பாடு இல்லை. அந்த வரிக்காக மதிப்பெண் குறைந்ததாக எந்த மாணவரும் இதுவரை என்னிடம் வந்து சொன்னதில்லை.

கடைசியாக ஒன்று. போன ஆண்டு இந்த வகுப்பை முடிக்கப்போகிற நேரம். இரு பக்கமும் கத்தி ஓய்ந்திருந்தார்கள். எப்போதும் பேசாத ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அவளுடைய ஆச்சி மன்னாரிலிருந்து வந்தவர்.

"சார், ராஜா கேட்டாரு, டச்சுக்காரங்க கேட்டாங்க. மன்னாருல இருந்தவுககிட்ட யாராச்சும் கேட்டாங்களா சார், ஒங்களுக்கு யாரு வேணும்னு?"

இல்லை என்றேன். மன்னாரும் யாழ்ப்பாணமும் கண்டி அரசரின் ஊர்களும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குத் தனி அரசு இருந்தது, அதை 1619-இல் போர்ச்சுக்கீசியர் அழித்தார்கள். 1658-இல் சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, அவ்வளவுதான். யால்டா மேசையில் போலந்துக்காரர் ஒருவர்கூட இல்லை என்றும் சொன்னேன். கொரியாவை 38-ஆவது இணைகோட்டில் பிரிக்கலாம் என்று 1945 ஆகஸ்டில் ஓர் இரவு வரைபடத்தை வைத்துக்கொண்டு முடிவு செய்தது இரண்டு அமெரிக்க அதிகாரிகள். சோவியத் தரப்பு ஒப்புக்கொண்டது. கொரியர் யாரும் அந்த அறையில் இல்லை. நம்மையும் சொன்னேன். 25 லட்சம் இந்தியர் அந்தப் போரில் படையில் இருந்தார்கள். 1945 ஜூனில் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு இராமசாமி முதலியார். நாடு அப்போதும் பிரிட்டிஷாரிடம்தான் இருந்தது. அவரை அனுப்பியது நாம் தேர்ந்தெடுத்த அரசு இல்லை.

கரும்பலகையில் இரண்டு கட்டங்களுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். கேட்கப்படாதவர்கள் யார் யார் என்று அவர்களையே வந்து எழுதச் சொன்னேன். போலந்து எழுதினார்கள், கொரியா எழுதினார்கள். அவள் வந்து மன்னார் என்று எழுதினாள். ஒருவன் வந்து, எந்த மன்னார் என்று தெரியாமல் போய்விடுமாம், பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு 'நம்ம எதிர்க்கரை' என்று சேர்த்தான். மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளைக்கு வந்த கணக்கு ஆசிரியரிடம், அந்தக் கட்டத்தை மட்டும் இன்றைக்கு அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். மிச்ச இடத்திலேயே இருபடிச் சமன்பாடுகளை நடத்திக்கொண்டார்.